பழைய வானொலி முதல் பாட்டுப் புத்தகம் வரை: வெகுஜன ஊடகப் பொருள்களை வீட்டு அலமாரியில் அடுக்க முழுமையான வழிகாட்டி

கண்ணாடிக் குழாய்களால் (வால்வு) இயங்கும் பழைய வால்வு ரேடியோ ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் அதை பிளக்கில் செருகிப் பார்க்கிறார்கள். அடுத்து ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கிறார்கள். முதல் வேலையில் செட் புகைந்துபோகலாம், ஷாக்கும் அடிக்கலாம். இரண்டாவதில் டயல் கண்ணாடியில் இருந்த ஊர்ப் பெயர்கள் துணியோடு வந்துவிடும்.

நான் பார்த்த அலமாரிகளில் கெட்டுப்போனவை பெரும்பாலும் வரிசை மாறியதால் கெட்டவை. பொருள் முதலில் வந்தது, இடம் அப்புறம் தேடப்பட்டது, காகிதத்தைப் பற்றிக் கடைசியில்தான் யோசித்தார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் எந்த வேலைக்கு முன் எந்த வேலை, ஏன் என்பதற்கே அதிக இடம்.

1. எதைச் சேர்ப்பது, எதை விடுவது

வாங்குவதற்கு முன் ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பொருள் வழியாக ஓரிடத்துச் செய்தி பலரைப் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தது என்றால் அதற்கு அலமாரியில் இடம் உண்டு. ரேடியோ, இசைத்தட்டு, செய்தித்தாள், வார இதழ், சினிமா பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், கேசட், அச்சு எழுத்து, மெழுகுத்தாள் வழியாகப் பல பிரதி எடுத்த சைக்ளோஸ்டைல் தாள் எல்லாம் இதில் தேறும்.

சுழற்றும் டயல் கொண்ட தொலைபேசி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது ஒருவர் இன்னொருவரோடு பேசிய கருவி. தந்தியும் அப்படித்தான். பனையோலைச் சுவடிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 75 ஆண்டு கடந்த மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளையும் 100 ஆண்டு கடந்த மற்ற கலைப்பொருள்களையும் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கிறது. அழகுக்காக வாங்கிச் சிக்கலில் மாட்ட வேண்டாம்.

தேறியதை எல்லாம் அடுக்கினால் அது காயலான் கடைதான். ஓர் இழையைத் தேர்ந்தெடுங்கள். முதல் அலமாரிக்கு நான் எல்லோருக்கும் சொல்வது "ஒரு சினிமாப் பாட்டு வீட்டுக்கு வந்த வழி". தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டு, ரேடியோ, அதற்கு லைசென்ஸ் கட்டிய புத்தகம், கடைசியில் கேசட். ஐந்தாறு பொருளில் முப்பது நாற்பது ஆண்டு தெரிந்துவிடும். அச்சில் ஆர்வம் இருந்தால் ஈய எழுத்து, படம் அச்சடிக்கப் பயன்பட்ட உலோகத் தகடான பிளாக், நோட்டீஸ், செய்தித்தாள் என்று போகலாம். இரண்டையும் ஒரே அலமாரியில் கலப்பதை இரண்டாம் முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இழையானாலும் ஒரு விதி: கருவி ஒன்று வைத்தால் அதன் பக்கத்தில் அதைச் சேர்ந்த காகிதம் ஒன்றாவது வையுங்கள். அணைந்து கிடக்கும் ரேடியோ தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது. பக்கத்தில் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பித்த லைசென்ஸ் புத்தகம் இருந்தால், பாட்டுக் கேட்கவும் ஒரு காலத்தில் அரசிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது என்பது பார்ப்பவருக்குத் தானாகப் புரியும். 1980களின் நடுப்பகுதி வரை அந்த நடைமுறை இருந்தது.

தண்டோராப் பறையை வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் அதைப் போட யார் கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்பதையும் அட்டையில் எழுதுங்கள். 2022இல்தான் தமிழக அரசு அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. அதை மறைத்துவிட்டு வெறும் அழகுப் பொருளாக மாட்டுவது சரியல்ல.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

மென்மையான பெயின்ட் பிரஷ் இரண்டு (ஒன்று காகிதத்துக்கு, ஒன்று கருவிக்கு), பருத்தித் துணி, டிஸ்டில்டு வாட்டர், ரப்பர் கையுறை, முகக்கவசம், 2பி பென்சில், அமிலமில்லாத தாளும் அட்டையும், பாலியஸ்டர் உறை, சின்ன ஈரப்பதமானி ஒன்று, தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று.

பாலியஸ்டர் உறை கேட்டால் ஸ்டேஷனரி கடையில் பெரும்பாலும் பிவிசி உறையைக் கொடுப்பார்கள். அது வேண்டாம். நாளாக நாளாகப் பிவிசி பிசுபிசுக்கும், அச்சு மையை இழுத்துக்கொள்ளும். முகர்ந்து பாருங்கள், புது ரெக்ஸின் வாடை அடித்தால் அது பிவிசிதான்.

3. இடமும் அலமாரியும்

பொருளை வாங்கும் முன் இதை முடித்துவிட வேண்டும். வால்வு ரேடியோ ஒன்று கைக்கு வந்தபின் அதை எங்கே வைப்பது என்று தேடினால், ஃபிரிட்ஜ் மேலேயோ ஜன்னல் ஓரத்திலோதான் போய் நிற்கும்.

சுவரைத் தொட்டுப் பாருங்கள். குளியலறையை ஒட்டிய சுவரும் மழை அடிக்கும் வெளிச்சுவரும் ஆகாது. சுவரில் ஓதம் இருந்தால் வடகிழக்குப் பருவமழையின்போது, ஐப்பசி கார்த்திகையில், காகிதத்தில் பூசணம் பிடித்துவிடும். நல்ல சுவராக இருந்தாலும் அலமாரியின் பின்பக்கம் 3 செ.மீ. இடைவெளி விட்டுக் காற்று போக விடுங்கள். கரையானும் சுவர் வழியாகத்தான் ஏறி வரும், அந்த இடைவெளியில் அதன் மண்கோடு சீக்கிரம் கண்ணில் படும்.

அடுத்து எடை. மேசை வால்வு ரேடியோ ஆறிலிருந்து பத்துக் கிலோ வரை இருக்கும். 25 செ.மீ. அரக்கு இசைத்தட்டு (78 சுழற்சித் தட்டு) ஒன்று சுமார் 200 கிராம், நாற்பது தட்டு என்றால் எட்டுக் கிலோ. ஆகவே பலகை 19 மி.மீ. பிளைவுட், தாங்கிகளுக்கு நடுவே 75 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆழம் 30 செ.மீ.யாவது வேண்டும். எல்பி என்ற பெரிய வினைல் இசைத்தட்டு வைப்பதானால் அலமாரித் தட்டுகளுக்கு நடுவே உயரம் 34 செ.மீ. விடுங்கள், எல்பி உறை 31 செ.மீ.க்கு மேல் இருக்கும்.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. புது பிளைவுட்டும், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையும் பல வாரங்களுக்கு அமில ஆவியை வெளிவிடும். அந்த ஆவி காகிதத்தைப் பழுப்பாக்கும், ஈய எழுத்துகளை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். தச்சர் வேலை முடிந்த அன்றே அடுக்காமல் கதவைத் திறந்துபோட்டு, வாடை அறவே போகும்வரை காத்திருங்கள். அப்புறமும் ஈய எழுத்தையும் காகிதத்தையும் பலகை மேல் நேரடியாக வைக்காதீர்கள், கீழே அமிலமில்லாத அட்டை ஒன்றைப் போடுங்கள்.

4. வாங்குவது

முதலில் சொந்தக்காரர் வீட்டுப் பரணைக் கேளுங்கள். அங்கே கிடைக்கும் பொருளோடு யார் கேட்டார்கள், எந்த ஊரில் இருந்தது என்ற விவரமும் சேர்ந்து வரும், கடையில் அது கிடைக்காது. கடை என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு, சென்னையில் சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகம், மயிலாப்பூர் திருவல்லிக்கேணிப் பழைய புத்தகக் கடைகள். மூடிவிட்ட சிறிய அச்சகங்களில் ஈய எழுத்தைக் கிலோ கணக்கில் உருக்கப் போடுவார்கள். அங்கே போய்ப் எழுத்துக் கோத்த பழைய கம்பாசிட்டரிடம் பேசினால் ஒரு முழு வரி எழுத்தைக் கோத்தே கொடுப்பார்.

புனல் வைத்த கிராமபோனைக் கண்டதும் பர்ஸைத் திறக்காதீர்கள். பளபளக்கும் புதுப் பித்தளைப் புனல், புதிதாகச் செதுக்கிய மரப்பெட்டி, மேலே பழைய நிறுவனத்தின் பெயர்த் தகடு என்று இருந்தால், அது அண்மையில் கோத்து விற்கும் பொம்மை. பெட்டி வடிவக் கையடக்கக் கிராமபோன் பழசாகவே கிடைக்கும், அலமாரி ஆழத்துக்கும் அடங்கும்.

பிக்சர் டியூப் டிவியை விட்டுவிடுங்கள். எடை அதிகம், உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். 35 மி.மீ. சினிமா ஃபிலிம் துண்டு கிடைத்தால் அதன் வயதைப் பாருங்கள். 1950களின் தொடக்கம் வரை நைட்ரேட் ஃபிலிம் புழங்கியது, அது எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் அணைப்பது கடினம். காலம் தெரியாத துண்டை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. பிந்தைய ஃபிலிமில் காடி வாடை அடித்தால் அது அழிந்துகொண்டிருக்கிறது, மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

5. மூன்று வாரம் தனியே

வந்த பொருளை நேராக அலமாரிக்குக் கொண்டுபோகாதீர்கள். தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சியும் கரப்பான் முட்டையும் ஒரே ஒரு பழைய வார இதழோடு வந்து, ஏற்கெனவே இருப்பவை எல்லாவற்றிலும் பரவும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வெள்ளைத் தாள் விரித்து அதன் மேல் மூன்று வாரம் வையுங்கள். தாளில் தூளோ எச்சமோ விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது.

காகிதம் என்றால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, -18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் விடுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். இசைத்தட்டு, கேசட், ரேடியோ எதையும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

6. ரேடியோ

மின் இணைப்பு கொடுக்காதீர்கள். பழைய கண்டென்சர்கள் செயலிழந்திருக்கும், முதல் நிமிடத்திலேயே டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து எரித்துவிடும். ஏசி-டிசி என்று எழுதிய செட்களில் உள்ளிருக்கும் உலோகச் சட்டமே மின்கம்பியோடு நேராக இணைந்திருக்கும், குமிழின் திருகைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். பாட வைக்க விரும்பினால் வால்வு செட் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அலமாரிக்கு மட்டும் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, துணி சுற்றிய பழைய வயரை வெட்டாமல் சுருட்டிக் கட்டி வையுங்கள்.

டிரான்சிஸ்டர் என்றால் முதல் வேலை பேட்டரி அறையைத் திறப்பது. ஒழுகிய பேட்டரிச் செல் ஸ்பிரிங்கையும் சர்க்யூட்டையும் தின்றிருக்கும். கையுறை போட்டு எடுத்துவிட்டு, உலர்ந்த பிரஷால் பொடியைத் தட்டுங்கள்.

சுத்தம் செய்யும்போது மேலிருந்து கீழே, உலர்ந்த பிரஷால் மட்டும். பேக்கலைட் என்ற பழைய கெட்டிப் பிளாஸ்டிக் உடலை லேசான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம். ஸ்பீக்கர் துணியை நனைக்கக் கூடாது, சுருங்கிக் கிழியும். டயல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள். சென்னை, திருச்சி, கொழும்பு என்ற எழுத்துகள் உட்பக்கம் பூசியவை, விரல் பட்டாலே உரியும். அந்தப் பெயர்களுக்காகத்தான் இந்தப் பெட்டியை வைக்கிறோம்.

உள்ளே உள்ளதை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுப் புளூடூத் ஸ்பீக்கர் பொருத்தும் வழக்கம் பரவிவருகிறது. தயவுசெய்து வேண்டாம். வால்வுகள் உள்ளே இருக்கும்வரை அதை என்றைக்காவது ஒருவர் பாட வைக்க முடியும். ஒலி வேண்டும் என்றால் சின்ன ஸ்பீக்கரை ரேடியோவுக்குப் பின்னால் வைத்தால் போதும்.

ஆயுத பூஜையன்று ரேடியோவுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் வீடுகள் உண்டு. மரத்திலும் பேக்கலைட்டிலும் அந்தக் கறை போகாது. பொட்டைச் சின்ன அட்டையில் வைத்து முன்னால் சாய்த்துவிடுங்கள், பூஜையும் நடக்கும், பெட்டியும் பிழைக்கும்.

7. இசைத்தட்டும் கேசட்டும்

முதலில் தட்டு எதனால் ஆனது என்று பிரியுங்கள். 25 செ.மீ. அகலம், கனம், லேபிளில் 78 என்று இருந்தால் அரக்கு. கீழே விழுந்தால் சிதறும். வளைந்து கொடுத்தால் வினைல். ஏன் பிரிக்க வேண்டும் என்றால், வினைலுக்குக் கடையில் விற்கும் துடைக்கும் திரவங்களில் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும், அது அரக்கைக் கரைத்துவிடும். அரக்குத் தட்டுக்கு டிஸ்டில்டு வாட்டரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் போதும். லேபிள் நனையாமல், பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நிழலில் நிமிர்த்திக் காயவையுங்கள்.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் இருப்பது நெளியும், உடையும். நிமிர்த்தி, சாயாமல், நெருக்காமல் நிறுத்துங்கள். முன்னால் தெரிய வைக்கும் ஒரு தட்டுக்கு மட்டும் மரத்தாங்கி. அக்னி நட்சத்திர வெயில் ஜன்னல் வழியாக ஒரு பிற்பகல் பட்டாலே வினைல் நெளிந்துவிடும்.

கேசட்டைப் பெட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். ஸ்பீக்கர் காந்தத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். டேப்பில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் ஓட விடாதீர்கள், பிளேயரின் ஹெட் வழியாக அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

8. காகிதம்

அதிகம் பாழாவது இதுதான். செய்தித்தாள் மரக்கூழில் செய்தது. அதில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்து அமிலமாகும், தாள் மடிப்பில் ஒடியும். நின்றுபோன சுதேசமித்திரன் நாளிதழின் பிரதி ஒன்று கிடைத்து, அதைச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினால் இரண்டு கோடையில் பிஸ்கட் நிறமாகிவிடும்.

ஆகவே அசலைக் காட்சிக்கு வைக்காதீர்கள். அசலை ஸ்கேன் செய்து, அதே அளவில் லேசர் பிரின்ட் எடுத்து, பிரின்டை முன்னால் வையுங்கள். இங்க்ஜெட் பிரின்ட் சீக்கிரம் மங்கும். அசலைப் பாலியஸ்டர் உறையில், பின்னால் அமிலமில்லாத அட்டை கொடுத்து, கீழ்த்தட்டில் மூடிய பெட்டிக்குள் படுக்க வையுங்கள். தெரிந்தவர் வந்து கேட்டால் எடுத்துக் காட்டலாம். முன்னால் இருப்பது பிரதி என்று அட்டையில் எழுதிவிடுவது நேர்மை.

அசலையே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தாள், அப்புறம் மாற்றுங்கள். வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போகும், இருட்டில் ஓய்வு கொடுத்தாலும் பழைய நிறம் திரும்பாது.

பாட்டுப் புத்தகத்தில் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்திருக்கும். துரு தாளைத் தின்று, நடுப்பக்கம் கழன்று விழும். பின்னைப் பிடுங்கி இழுக்காமல், பின்பக்கம் மடிந்திருக்கும் அதன் கால்களை நிமிர்த்தி, ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். பழைய துளை வழியாகவே பருத்தி நூல் கோத்து முடிச்சிடலாம்.

செய்யக் கூடாதவை மூன்று. லேமினேஷன் போடாதீர்கள், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகும். பால்பாயின்ட் பேனாவால் எதுவும் எழுதாதீர்கள்.

அந்துருண்டை போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதன் ஆவி கேசட் பெட்டி போன்ற பிளாஸ்டிக்கை இளக்கும், கூடத்தில் உட்காருபவருக்கும் நல்லதல்ல. காய்ந்த வசம்பைத் துணியில் முடிந்து, தாளில் படாமல் பெட்டி மூலையில் வையுங்கள். பச்சை வேப்பிலை வேண்டாம், அதன் ஈரமே பூசணத்துக்கு வழிவிடும்.

9. ஈய எழுத்து

இது ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி சேர்ந்த கலவை. தொட்டால் கை கழுவ வேண்டும், குழந்தை எட்டாத தட்டில் வைக்க வேண்டும். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் ஊதாதீர்கள், அது ஈய நஞ்சு. முகக்கவசத்தோடு, ஈரத் துணியில் ஒற்றி எடுத்துத் துணியைக் கட்டி எறியுங்கள்.

எழுத்துகளைக் கிண்ணத்தில் கொட்டி வைத்தால் யாருக்கும் எதுவும் புரியாது. எழுத்துக் கோக்கும் சட்டமான கம்போசிங் ஸ்டிக்கில் ஒரு வரி கோத்து, பக்கத்தில் அதே வரியை அச்சடித்த தாளை வையுங்கள். ஸ்டிக்கில் எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். வரும் பிள்ளைகள் இங்கேதான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

10. தரையில் அடுக்கி, அப்புறம் அலமாரியில்

அலமாரித் தட்டின் அளவுக்குப் பழைய துணியைத் தரையில் விரித்து, முதலில் அதில் அடுக்குங்கள். மேலே ஏற்றி இறக்கி மாற்றும்போதுதான் அரக்குத் தட்டுகள் உடைகின்றன. திருப்தியானதும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, படத்தைப் பார்த்தே ஏற்றுங்கள்.

கனமானது கீழ்த்தட்டில். நின்று படிக்க வேண்டிய காகிதம் தரையிலிருந்து 140–150 செ.மீ. உயரத்தில். டயல் உள்ள ரேடியோ, நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேரே வரலாம், வீட்டில் ரேடியோ கேட்டவர்கள் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

அனுப்பியவர் பக்கத்தையும் கேட்டவர் பக்கத்தையும் அடுத்தடுத்து வையுங்கள். வானொலி நிலைய நிகழ்ச்சி நிரல் அச்சான இதழ் இடப்பக்கம், ரேடியோ வலப்பக்கம். பிளாக் இடப்பக்கம், அது அச்சான நோட்டீஸ் வலப்பக்கம். ஒரு தட்டில் மூன்று பொருள், மிஞ்சினால் நான்கு. இடம் காலியாகத் தெரிகிறதே என்று பூச்சாடி வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள், தண்ணீரும் பூந்தூளும் காகிதத்துக்கு ஆகாது.

11. வெளிச்சம்

எல்லாம் ஏறிய பிறகுதான் விளக்கு, நிழல் எங்கே விழுகிறது என்று அப்போதுதான் தெரியும். வெதுவெதுப்பான நிற எல்இடி போதும். அதற்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டியை (டிரைவர்) அலமாரிக்கு வெளியே வையுங்கள், சூடாவது அதுதான். காகிதத்தின் மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்ச அளவை) மேல் போக வேண்டாம், செல்போன் செயலியில் தோராயமாக அளக்கலாம். ஆள் இல்லாதபோது அணைத்துவிடுங்கள்.

12. பெயரட்டை

பொருள் என்ன, எந்தக் காலம், எந்த ஊரில் யார் பயன்படுத்தினார்கள், உங்களுக்கு எப்படி வந்தது. நான்கு வரி. காலம் உறுதியாகத் தெரியாவிட்டால் "1960கள்" என்று எழுதுங்கள், ஊகித்து ஓர் ஆண்டைப் போடாதீர்கள். அட்டையைப் பொருளில் ஒட்டாமல் முன்னால் நிறுத்துங்கள். விரிவான விவரம் நோட்டில், அட்டையிலும் நோட்டிலும் ஒரே எண்.

லைசென்ஸ் புத்தகத்தில் பழைய உரிமையாளர் பெயரும் முகவரியும் இருக்கும். படம் எடுத்துப் பகிரும்போது அதை மறைத்துவிடுங்கள்.

13. பராமரிப்பு

மாதம் ஒருமுறை உலர்ந்த பிரஷ். ஈரப்பதமானி 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் மின்விசிறியைப் போட்டுக் காற்றோட்டம் கொடுங்கள், காகிதப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வையுங்கள். திறந்த அலமாரியில் சிலிக்கா ஜெல் வைத்துப் பயனில்லை, அறையின் ஈரம் முழுவதையும் அதனால் உறிஞ்ச முடியாது. மழைக்காலம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் எல்லாவற்றையும் இறக்கி, பின்பக்கச் சுவரைப் பாருங்கள்.

பழைய இதழ், பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் என்று சேர்க்கும்போது எங்கும் பார்த்திராத ஒன்று கையில் சிக்கும். அதைத் துடைப்பதற்கும் ஸ்டேப்பிள் பின்னை எடுப்பதற்கும் முன்பே சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் காட்டி, அவர்களிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஸ்கேன் செய்துகொள்ளச் சொல்லுங்கள். அலமாரிக்கு உங்களுக்கும் ஒரு நல்ல பிரதி கிடைக்கும்.